மலை வளைவில் வந்த சிங்கப்பூர் அழைப்பு

போன மே மாதம் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பேருந்தில் நடந்தது இது. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. எனக்கு அங்கே வேலை அமையாததால், கொஞ்ச நாள் அவரோடு, கொஞ்ச நாள் இங்கே அம்மாவோடு என்று அலைந்துகொண்டிருந்தேன். அங்குள்ள ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்கு நேர்காணல் முடிந்திருந்தது. அன்று மதியம் என் சிங்கப்பூர் எண்ணுக்குக் கூப்பிட்டு முடிவைச் சொல்வதாக இருந்தார்கள்.

கையில் புது போன். தோழியின் வளைகாப்புக்குக் கிளம்பிய நான், பேருந்தில் உட்கார்ந்ததும் பழைய போனில் இருந்த உள்ளூர் எண், சிங்கப்பூர் எண் இரண்டின் அட்டையில்லா இ-சிம்களையும் இணையம் வழியே புதியதற்கு மாற்ற ஆரம்பித்தேன். சட்டென்று முடிந்துவிடும் என்று நினைத்தேன். அதற்குள் வண்டி மலை ஏறிவிட்டது, சிக்னல் போய்விட்டது. பழைய போனில் இரண்டு எண்களும் இல்லை. புதியதில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு போன்களையும் மாறி மாறி ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தேன்.

பக்கத்தில் பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த அக்கா, "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டார். சொன்னேன். உடனே கண்டக்டரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, டவர் கெடைக்கிற வளைவுல கொஞ்சம் நிறுத்துங்க. வளைகாப்புக்குப் போற இந்தப் பொண்ணுக்கு வேலைக்கு போன் வருதாம்."

வளைவில் வண்டி நின்றது. பலாப்பழத்தோடு அக்காவும் நானும் இறங்கினோம். அக்கா தன் போனை என் கையில் திணித்தார். "இதுல நெட்டு கீது. எப்படி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியாது, நீயே பாத்துக்கோ."

அவருடைய ஹாட்ஸ்பாட்டில் என் போனை இணைத்தேன். ஜன்னல் தோறும் தலைகள்.

"வந்துச்சாம்மா?"

"இன்னும் சுத்திக்கினுதான் கீது" என்று அக்காவே பதில் சொன்னார்.

திடீரென்று சக்கரம் மறைந்து, சிங்கப்பூர் எண்ணுக்கு எதிரே சிக்னல் கோடுகள் எழுந்தன. நான் மூச்சு விடுவதற்குள் போன் அடித்தது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். நான் ஆங்கிலத்தில் பேசியது எத்தனை பேருக்குப் புரிந்ததோ, என் முகம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. போனை வைப்பதற்குள் பேருந்தே கைதட்டியது. அக்கா பலாப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார்.

"சரி, ஏறுங்க. அங்க வளைகாப்பு முடிஞ்சிடப் போவுது" என்றார் கண்டக்டர், சிரித்துக்கொண்டே.

என் கணவருக்கும் அம்மாவுக்கும் முன்பே அந்தச் செய்தி தெரிந்து மகிழ்ந்தவர்கள், எனக்குப் பெயர்கூடத் தெரியாத அந்தப் பயணிகள்தான். இன்றும் சீருடை அணிந்து வார்டுக்குள் நுழையும்போது, இந்த வேலைக்காக ஒரு பேருந்தே காத்திருந்தது என்ற நினைப்பு என்னை நிமிர்ந்து நடக்க வைக்கிறது.