கனகராயன் ஆற்றில் ஒரு படகு

எண்பதுகளின் கடைசியில், லண்டனில் என் அகதி விண்ணப்பத்தை விசாரித்த அதிகாரிக்கு ஆறு என்றால் தேம்ஸ்தான். அந்தச் சேற்றுத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த மனுஷனுக்கு வேறென்ன தெரியும்? ஊர் எங்கே என்று கேட்டார். வன்னியில், கனகராயன் ஆற்றங்கரை என்றேன். நான் அந்த ஊர்க்காரன்தான் என்று அவர் நம்பினால் இங்கே இருக்கலாம். நம்பாவிட்டால் திரும்ப விமானம் ஏற்றிவிடுவார்கள்.

மேசையில் வரைபடத்தை விரித்தார். அதில் ஆறு தெற்கிலிருந்து புறப்பட்டு, இரணைமடுக் குளத்தில் இறங்கி, வடக்கே சுண்டிக்குளம் வரை, ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடுவதுபோல நெளிந்து கிடந்தது. எப்படிக் கடப்பீர்கள் என்று கேட்டார்.

"கோடையிலை வெறும் மணல்தான், நடந்து போவம். மாரியிலை வெள்ளம் வந்தா ஒருத்தரும் கடக்கேலாது. வடியுமட்டும் இருப்பம்," என்றேன்.

மொழிபெயர்த்தவர், ஸ்ட்ரெதமில் வீடு வாங்கி, டை கட்டி, தொண்டையைச் செருமிச் செருமிப் பேசும் யாழ்ப்பாணத்துக் கனவான். கொழும்பு ரயிலில் நித்திரையோடு கடந்ததுதான் அவர் கண்ட வன்னி. அவருடைய ஆங்கிலத்தில் 'போட்' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது.

படகு யாருடையது என்று அதிகாரி கேட்டார். படகே இல்லை என்றேன். இரண்டும் என் பதிலாகவே பதிவாயின.

வெளியே பஸ் தரிப்பில் கேட்டேன். "அண்ணை, ஏன் போட் எண்டு சொன்னனீங்கள்?"

"தண்ணியில்லாத ஆறு எண்டு வெள்ளைக்காரனுக்குச் சொல்ல ஏலுமே, தம்பி? எங்கட நாட்டுக்கு ஒரு மரியாதை வேண்டாமே?"

நாட்டை விட்டு ஓடிவந்தவனை வைத்து நாட்டு மானத்தைக் காப்பாற்றுகிறாராம். அவருடைய பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

சொந்த ஊரையே தெரியாதவன் என்று விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். மேல்முறையீடு விசாரணைக்கு வருவதற்குள் தொண்ணூறுகள் பிறந்துவிட்டன, எனக்கும் புத்தி வந்துவிட்டது. இவர்களுக்கு ஆறு வேண்டாம். வரைபடத்துக்குப் பொருந்தும் பதில் ஒன்று போதும்.

அங்கேயும் ஆற்றைத்தான் கேட்டார்கள். படகில்தான் கடப்போம், முதல் தடவை பயத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றேன். விசாரித்தவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, படகு என்ன நிறம் என்று கேட்டார்.

நீலம் என்றேன்.

அந்த ஆற்று மணலில்தான் அப்பாவை எரித்தோம். அதன்மேல் படகு விட்டவனை நம்பி, இந்த நாட்டில் இருக்கச் சொன்னார்கள்.