இருபத்தொரு நாளுக்கு ஒரு ஊசி

நோயாளிகள் உயிரோடு இருக்கிறார்களா என்று போய்ப் பார்த்து எழுதுவதுதான் மயிலம்மாளின் வேலை. சேலம் ஆஸ்பத்திரியில் பத்து வருடம் வார்டு நர்ஸாக நின்றவளை 1979இல் டாக்டர் சரவணமுத்து தன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். சின்ன வயதில் தொண்டை வலியும் மூட்டு வீக்கமுமாகக் காய்ச்சல் கண்டு, அதில் இருதய வால்வு கெட்டுப்போனவர்கள் எருமப்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி தவறாமல் போட்டுக்கொண்டவர்கள் எப்படி இருக்கிறார்கள், தவறவிட்டவர்கள் என்ன ஆகிறார்கள் என்று ஐந்து வருடம் பார்க்க வேண்டும். ஊசியையும் மயிலம்மாளே வீடு தேடிப் போய்ப் போடுவாள்.

மருந்து பாலாடைபோலக் கெட்டியானது, ஊசியை அடைத்துக்கொள்ளும். இடுப்பில் இறங்கினால் இரண்டு நாள் வலிக்கும். அதனால் மயிலம்மாளைக் கண்டதும் சோளக்காட்டுக்குள் ஓடி ஒளிந்தவர்கள் உண்டு. எருமப்பட்டி சௌந்திரம் மட்டும் ஒருநாளும் ஒளிந்ததில்லை. பத்தொன்பது வயது. கடலை பறிக்கப் போனால் நாலு செடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்குவாள். ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே, "இன்னிக்கு எந்த ஊர்லெல்லாம் போயிட்டு வாறீங்க?" என்று கதை கேட்பாள்.

மறுவருடம் தை மாதம் சௌந்திரத்தின் தாய் அங்கம்மாள் வழியிலேயே மயிலம்மாளை நிறுத்தினாள்.

"இனி ஊட்டுக்கு வராதீங்க சாமி. பள்ளிபாளையத்துல இருந்து பொண்ணு பாக்க வந்திருக்கறாங்க. சீக்குக்காரப் புள்ளைன்னு தெரிஞ்சா ஆரு கட்டுவாங்க?"

"கண்ணாலம் பண்ணலாமுங்க. கர்ப்பமானா இருதயம் தாங்காது, அதத்தான் டாக்டரும் சொல்றாரு."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமுங்க."

அதற்குப் பிறகு மயிலம்மாள் சந்தை நாளில், தெரிந்த ஒரு தையல்காரி வீட்டுப் பின்கட்டில் வைத்து சௌந்திரத்துக்கு ஊசி போட்டாள். அந்தச் சந்தையிலேயே மாப்பிள்ளையின் தாய் முத்தாயம்மாள் ஒருநாள் மயிலம்மாளைத் தேடி வந்தாள்.

"ஏனுங்க நர்சம்மா, அந்தப் புள்ளைக்கு நீங்க அடிக்கடி ஊசி போடறீங்களாமா. என்னங்க சீக்கு?"

ஐந்தாறு அடி தள்ளி, வெங்காயக் குவியலுக்கு அந்தப் பக்கம் சௌந்திரம் நின்றிருந்தாள். முகத்தில் உயிரே இல்லை. முந்தின வாரம்தான், இந்தக் கல்யாணப் பேச்சு வந்தபோது, "எனக்குன்னு வேற என்னக்கா இருக்குது?" என்று கேட்டிருந்தாள்.

"ரத்தம் பத்தலீங்க," என்றாள் மயிலம்மாள். "சத்து ஊசிதானுங்க."

கல்யாணம் வைகாசியில் நடந்தது. புருஷன் வீட்டுக்குக் கிளம்பும்போது மயிலம்மாள் சௌந்திரத்தைத் தனியே கூப்பிட்டு, "மாசந் தள்ளிப்போச்சுன்னா ஒடனே எனக்குக் கடுதாசி போடோணும் அம்மிணி," என்றாள். சௌந்திரம் சரியென்று தலையாட்டினாள்.

பள்ளிபாளையத்துக்கு மயிலம்மாள் இரண்டுமுறை பஸ் ஏறிப் போனாள். முதல் தடவை துணி துவைக்க வந்த சௌந்திரத்துக்குக் காவிரிக்கரைப் புதர் மறைவில் ஊசி போட்டாள். இரண்டாம் தடவை அவள் நெருங்கவே இல்லை. "வேண்டாங்க்கா, அத்தை பாத்துக்கிட்டு நிக்கறாங்க," என்று ஈரத்துணியை அள்ளிக்கொண்டு படியேறினாள். நாலு படிக்கு ஒருதரம் நின்றாள். அப்போதே அவளுக்கு மூன்று மாதம் என்பது மயிலம்மாளுக்குத் தெரியாது. கடுதாசியும் வரவில்லை.

ஏழாம் மாதம், புருஷன் வீட்டுத் தறிக்கூடத்திலேயே சௌந்திரத்துக்கு மூச்சு முட்டி, வாயில் நுரை தள்ளியது. காரில் ஆற்றுப்பாலம் தாண்டி ஈரோட்டுக்குக் கொண்டுபோவதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். எருமப்பட்டியில் அங்கம்மாள் சொல்லித்தான் மயிலம்மாளுக்கு இது தெரிந்தது. அதற்குள் பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.

அங்கம்மாள் அழவில்லை. "நீங்க வந்து சொல்லாம இருந்திருந்தா எங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுங்க," என்றாள். "தெரிஞ்சேதான் அனுப்பி வெச்சேன்."

சேலத்தில் டாக்டர், சௌந்திரத்தின் ஊசிக் கணக்கு எழுதிய அட்டையை வாங்கிப் பார்த்தார். "எத்தனை ஊசி தவறிப்போச்சு?"

"பத்துங்க."

அவர் தன் நோட்டில், ஊசி ஒழுங்காகப் போட்டுக்கொள்ளாதவர்களின் பக்கத்தில் ஒரு சாவுக்கு ஒரு கோடு போட்டார். மயிலம்மாள் சந்தையில் தான் பொய் சொன்னதை அவரிடம் ஒப்புக்கொண்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உண்மையச் சொல்லியிருந்தாலும் வேற எடத்துல மறைச்சுக் கட்டிக் குடுத்திருப்பாங்கம்மா," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

1984இல் ஆராய்ச்சி முடிந்தது. ஊசி தவறாமல் போட்டுக்கொண்டவர்களில் செத்தவர்கள் மிகக் குறைவு என்று முடிவு வந்தது. அதை டெல்லி மாநாட்டில் வாசித்த டாக்டருக்குச் சென்னைக்கு மாற்றல் கிடைத்தது. ஊர் ஊராகக் கொண்டுபோக மருந்து வருவது நின்றது. உயிரோடிருந்த எண்பத்தொரு பேரும் இனி சேலத்துக்கே வந்து போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. மயிலம்மாள் வீடு வீடாகப் போய் அதைச் சொன்னாள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். சிலர் இரண்டு தடவை போனார்கள். நாமகிரிப்பேட்டை செங்கோடன் மட்டும் ஐந்து தடவை போனான்.

அவள் மறுபடி வார்டு வேலைக்குத் திரும்பினாள். அதற்குப் பின் அந்த எண்பத்தொரு பேரில் யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. மூச்சு முட்டி வார்டுக்கு வந்து சேரும்போதுதான் ஒவ்வொருவராக அவளுக்குத் தெரியவந்தது.