மேய்க்க ஆளில்லாத ஆடுகள்

என் அய்யாவுக்கு வரையாட்டைக் காட்டவேண்டும் என்றுதான் அந்தக் கோடையில் நாங்கள் மேகமலைக்கு பஸ் ஏறினோம். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். ராயப்பன்பட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் காலமெல்லாம் ஆடு மேய்த்தவர். முழங்கால் தேய்ந்துபோய், ஆடுகளை விற்றுவிட்டு வீட்டோடு இருந்தார். நான் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். மலை உச்சியில் காட்டிலேயே பிறந்து காட்டிலேயே திரிகிற ஆடு உண்டு என்று ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். அய்யாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"மேய்க்க ஆளு?"

"ஆளே கெடையாதுய்யா."

"அப்பச் சாயந்தரம் யாரு பத்திட்டு வருவா?"

"யாரும் பத்த வேண்டாம். பாறையிலயே படுத்துக்கிரும்."

அதிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. கிடா எம்புட்டு உயரம், குட்டி எத்தனை போடும், சீக்கு வந்தால் யார் பார்ப்பது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாடப் புத்தகத்துப் படத்தைக் காட்டினேன். "படத்துல என்னத்தத் தெரியும். ஒருக்கா நேர்ல பாக்கணும்டா" என்றார். எங்களிடம் வாய்விட்டு எதையும் கேட்டுப் பழகாத மனிதர்.

என்னோடு படித்தவன் ஒருவனுடைய வீடு மேகமலைத் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் இருந்தது. வீரபாண்டித் திருவிழா முடிந்த கையோடு அய்யா, அம்மா, அத்தை, மாமா, நான் என ஐந்து பேரும் அவன் வீட்டில் போய் இறங்கினோம். மறுநாள் காலை புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு அவன் பின்னால் நடந்தோம்.

எங்கள் வீட்டில் நடை என்றால் ஏதாவது வேலையாகத்தான் இருக்கும். சும்மா நடப்பதற்கென்று நடந்தது அன்றுதான் முதல் தடவை. கையை என்ன செய்வதென்று அம்மாவுக்குத் தெரியவில்லை. வழியில் கிடந்த சுள்ளிகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டே வந்தாள். "ஏத்தா, இத ஊருக்கா தூக்கிட்டுப் போகப் போற?" என்று அத்தை சிரித்தாள். கொஞ்ச தூரத்தில் அத்தையும் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அங்கே மலை, பள்ளத்தாக்கின் பக்கம் மூக்கு மூக்காக நீண்டு சட்டென்று முடிந்துபோகும். ஒவ்வொரு மூக்கிலும் போய் உட்கார்ந்து கீழே பார்த்தோம். தென்னந்தோப்புகளும் திராட்சைப் பந்தல்களும் நடுவில் வளைந்து போகிற ஆறுமாகக் கம்பம் பள்ளத்தாக்கு முழுதும் காலடியில் கிடந்தது. அன்னா குச்சனூர், அன்னா சின்னமனூர் என்று மாமா அடையாளம் சொல்ல, இல்லை என்று அத்தை மறுத்துக்கொண்டே வந்தாள். ஒரு சோலையைத் தாண்டும்போது பெரிய இறக்கைச் சத்தம் கேட்டு எல்லோரும் குனிந்துவிட்டோம். இருவாச்சிப் பறவை ஒன்று தலைக்கு மேலே போனது. பிறகு மரத்தில் வால் தொங்க உட்கார்ந்திருந்த மலையணிலை நண்பன் காட்டினான்.

"ஏலே, அணிலு பாக்கவா இம்புட்டுத் தூரம் இழுத்துட்டு வந்த?" என்றார் மாமா.

"இது அணிலா, பூனக்குட்டியா?" என்று அம்மா வியந்தாள். அய்யா மட்டும் எதிலும் நிற்கவில்லை. "ஆடு எங்கனடா?" என்பதுதான் அவர் பேச்சு.

வெயில் ஏறியதும் அவருடைய கால் மடங்க மறுத்தது. கடைசி மூக்குக்கு முன்னால் ஒரு புல் ஏற்றம். மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். நான் அய்யாவுக்குத் தோள் கொடுத்துக்கொண்டு பாதி ஏற்றத்தில் நின்றேன். மேலே பனிமூட்டமாக மூடியிருந்த மஞ்சு விலகியது. நண்பன் கையை நீட்டி எதையோ காட்டினான். வேகமாக வரச்சொல்லி எங்களுக்கும் சைகை செய்தான். அய்யா என் தோளை அழுத்திப் பிடித்து ஓர் எட்டு வைத்தார்.

அந்த நேரத்தில் அம்மா குலவை போட்டாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. சப்பரம் தெருமுனை திரும்பி அம்மன் முகம் தெரிந்ததும் எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தானாக எழும்புகிற குலவைதான். மஞ்சுக்குள்ளிருந்து பாறை மேல் ஒரு கூட்டம் ஆடு அசையாமல் நின்றதைக் கண்டதும் அது வந்துவிட்டது. அத்தையும் சேர்ந்துகொண்டாள். பாறையில் குளம்புகள் தடதடத்துக் கல் உருளும் சத்தம் எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. நாங்கள் மேலே போனபோது வெறும் பாறைதான் இருந்தது.

"யக்கா, குச்சனூருக்குப் போயி எள்ளு வெளக்குப் போடுங்க. ஒங்க வாயிலதான் சனி இருக்கு" என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நாந்தான் கெடுத்தேன். எத்தன நாளாக் கேட்டாக, நாந்தான் கெடுத்துப்புட்டேன்."

அய்யா மூச்சு வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். "எதுக்குப் புள்ள அழுகுற? நான் பாத்துட்டேன்ல."

"நெசமாப் பாத்தீகளா?"

"ஒரு கெடா கடைசியாப் போச்சே. முதுகுல சேணம் போட்டாப்ல வெளுப்பா."

அது என் புத்தகத்துப் படத்தில் இருந்த கிடா. ஏற்றத்தில் நின்ற எங்களுக்குப் புல்லையும் நண்பனின் முதுகையும் தவிர எதுவும் தெரியவில்லை. அய்யா என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆடுகள் திரும்பி வருமா என்று பஸ் நேரம் வரைக்கும் அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மஞ்சு மறுபடி மூடியதுதான் மிச்சம். எங்களில் யாரிடமும் கேமரா இல்லை.

அதன்பிறகு பல வருசம், வீட்டுக்கு யார் வந்தாலும் அய்யா அந்தப் பேச்சை எடுப்பார். இரண்டு வரி சொல்லிவிட்டு, வேண்டுமென்றே ஒரு தப்புச் சொல்வார். "குட்டி ரெண்டு நின்னுச்சு" என்பார். உடனே அடுப்படியிலிருந்து அம்மா குரல் வரும். "ரெண்டா? ஒண்ணுதான். தாயோட வவுத்துக்குக் கீழ ஒண்டிக்கிட்டு நின்னுச்சு."

"அப்படியா? எந்தப் பக்கம்?"

அம்மா வேலையை விட்டுவிட்டு வந்து, ஈரக் கையால் காற்றில் பாறையை வரைந்து, தாய் இங்கன, குட்டி இங்கன, கிடா அங்கன என்று காட்டுவாள். அய்யா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். நானும்தான்.