எக்ஸ்பிரஸ் அண்ணன் வாய் மூடிய மாதம்

ஞாயிறு ஆராதனையில் போதகர், "யாராவது ஒருத்தர் ஜெபிங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் எழுந்து நின்றுவிடுவார் அந்த சலூன்காரர். சபை வாலிபர்கள் அவருக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ் அண்ணன். கிளம்பிவிட்டால் நடுவில் எந்த ஸ்டேஷனிலும் நிற்காத ஜெபம் அவருடையது. ஆட்சியாளர்கள், விதவைகள், பயணம் செய்பவர்கள், பயணம் போகலாமா என்று யோசிப்பவர்கள் என எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஓடும். குழந்தைகள் தூங்கி எழுந்து மறுபடி தூங்குவார்கள். முழங்கால் வலிக்காரர்கள் ஆண்டவரை உண்மையாகவே தேடியது அந்த நேரத்தில்தான்.

அவருக்கு மிகவும் பிடித்த தலைப்பு மன்னிப்பு. பகைவரை நேசிக்கும் கிருபை வேண்டும் என்று உருகுவார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைப்பார். இவ்வளவுக்கும் சொந்தத் தம்பியோடு பேச்சுவார்த்தை நின்று வருடக்கணக்கில் ஆகியிருந்தது. தம்பி என்றால் தூரதேசத்தில் இருக்கும் தம்பி இல்லை. அதே சலூனில், அதே நீளக் கண்ணாடியின் முன்னால், பக்கத்து நாற்காலியில் முடிவெட்டிக்கொண்டிருந்த தம்பி. அப்பா விட்டுப்போன கடை. இருவரில் ஒருவரும் இடத்தைக் காலி செய்வதாக இல்லை.

ஆகவே பேச்செல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் வழியாகத்தான்.

"சார், பக்கத்துல நிக்கிறவர்கிட்ட அந்தச் சின்னக் கத்திரிக்கோலைக் கேளுங்க" என்பார் அண்ணன்.

"வேலை முடிஞ்சதும் தர்றேன்னு சொல்லுங்க சார்" என்பார் தம்பி.

கழுத்துவரை துணி போர்த்திய சார், பாதி மீசையோடு தூது போவார்.

இத்தனைக்கும் காரணம் அம்மாவின் அடக்கம். கல்லறையில் போதகர் முடித்த பிறகு அண்ணன் ஆரம்பித்தார். அம்மாவின் நற்குணங்களில் பாதியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். தம்பி திடீரென்று சத்தமாக "ஆமென்" என்றார். நின்றவர்கள் அத்தனை பேரும், அதற்காகவே காத்திருந்தவர்கள்போல, ஒரே குரலில் "ஆமென்" என்றார்கள். பெட்டியை மூடி இறக்கினார்கள். அண்ணன் திறந்த வாயோடு நின்றார். அன்று முதல் ஊரில் உள்ள கொலைகாரர்களை எல்லாம் மன்னிக்கும்படி ஆண்டவரிடம் சிபாரிசு செய்தவர், அந்த ஒரு ஆமெனை மட்டும் மன்னிக்கவில்லை.

இப்படி இருக்கையில் அவருக்குத் தொண்டை கட்டியது. கஷாயத்துக்கும் மாத்திரைக்கும் மசியவில்லை. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, குரல் நாண் வீங்கியிருக்கிறது என்றார்.

"ஒரு மாசத்துக்கு வாயே திறக்கக் கூடாது. ரகசியம் பேசுற மாதிரிகூடப் பேசக் கூடாது."

அண்ணன் பதறிப்போய்க் கைகூப்பி, மேலே பார்த்து, ஜெபம் எப்படி என்று சைகையில் கேட்டார்.

"மனசுக்குள்ள பண்ணுங்க. ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்கும்" என்றாள் கூட வந்த மனைவி. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் முகத்தில் ஒரு பரலோக ஒளி இருந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை சீக்கிரமே முடிந்தது. இனாமாகக் கிடைத்த நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் சபையார் வாசலில் நின்றார்கள். அண்ணனின் சுகத்துக்காக யாரோ ஒருவர் இரண்டே வரியில் ஜெபித்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் மனசுக்குள் மார்க் போட்டார். பாஸ் மார்க் தேறவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள், வாடிக்கையாக வரும் பஸ் டிரைவர் அவர் நாற்காலியில் வந்து விழுந்தார். முகம் முழுக்கத் தாடி.

"பொண்ணுக்கு நாளைக்கு இதயத்துல ஆபரேஷன் அண்ணே. கண்ணு முழிக்கிறப்ப இந்தத் தாடியைப் பார்த்துப் பயந்துடுவான்னு வீட்டுல விரட்டிவிட்டா." அவர் துணிக்கடியிலிருந்து கையை நீட்டினார். "நீங்க ஒரு ஜெபம் பண்ணுங்களேன்."

அண்ணனின் வாழ்க்கையில் கேட்டு வந்த முதல் ஜெபம் அது. மற்றதெல்லாம் அவராகவே கொடுத்தது. வாயைத் திறந்தார். காற்றுகூட வரவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார்.

பக்கத்தில் தம்பி கையிலிருந்த சீப்பை வைத்தார். வந்து டிரைவரின் கையைப் பிடித்தார்.

"ஆண்டவரே, இவர் பொண்ணுக்கு நாளைக்கு ஆபரேஷன். எங்களுக்குப் பயமா இருக்கு. அவ கூட இருங்க. இவர் கூடவும் இருங்க."

அவ்வளவுதான். டிரைவர் குலுங்கி அழுதார். அடைமொழி இல்லை, வசன ஆதாரம் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. பழக்கதோஷத்தில் அண்ணன் மார்க் போடப் பார்த்தார், முடியவில்லை. தம் ஜெபத்தில் எத்தனையோ பேர் தூங்கியதைப் பார்த்திருக்கிறார். ஒருவரும் இப்படி அழுததில்லை.

ஷேவிங் முடிந்து டிரைவர் போனதும் கடையில் ஆள் இல்லை. அண்ணன் போய்த் தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தைக் காட்டினார். தூது போக ஒருவரும் இல்லை.

தம்பி துணியை உதறி அவருக்குப் போர்த்தினார்.

"என்ன... ஷேவிங்கா?"

அண்ணன் தலையசைத்தார். கண்ணிலிருந்து வழிந்தது காதுப்பக்கம் ஓடியது. தம்பி நுரை தடவினார்.

"அன்னைக்கு உங்களை நிறுத்தணும்னு ஆமென் சொல்லலை அண்ணே," என்றார் கன்னத்தில் பிரஷ்ஷை ஓட்டியபடி. "அம்மா முகத்தைப் பார்த்துக்கிட்டே நின்னேன். நீங்க சொல்லச் சொல்ல எனக்குத் தாங்கலை. இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருந்தா குழிக்குள்ளயே விழுந்திருப்பேன்."

தம்பியின் திமிர் என்று இத்தனை காலம் அண்ணன் அடைகாத்தது, உண்மையில் தம்பியின் துக்கம். அம்மாவைப் புகழ்ந்துகொண்டே இருந்ததில், அம்மாவின் இன்னொரு பிள்ளை பக்கத்தில் நின்றதைப் பார்க்கவே இல்லை. மன்னிப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்த வசனங்கள் வரிசையாக வந்து நின்றன; நல்லவேளை, ஒன்றையும் சொல்ல வழியில்லை. தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், அழுத்தமாக.

"கையை விடுங்க அண்ணே, கத்தி வச்சிருக்கேன்" என்றார் தம்பி. அவர் குரலும் சரியாக இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சில நாள் கழித்துக் கடையைப் பூட்டிவிட்டு இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டிரைவரின் பெண் தலையணையில் சாய்ந்திருந்தாள். அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மனசுக்குள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முறை சீக்கிரமே கண்ணைத் திறந்துவிட்டார்.

"இவர் யாரு மாமா?" என்று அவள் தம்பியிடம் கேட்டாள்.

"எங்க அண்ணன்."

"பேசமாட்டாரா?"

"இப்போதைக்கு இல்லை" என்றார் தம்பி. "அதான் இப்பவே கூட்டிட்டு வந்துட்டேன்."