ரெண்டாகத் தெரிந்த ரெங்கநாதர்

புத்தூர் ஆஸ்பத்திரி லேபில் நான் வேலை பார்த்த பழைய மைக்ராஸ்கோப் இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கழித்துப் போட்டபோது கேட்டு வாங்கி வந்தேன். இரண்டு கண்ணாலும் பார்க்கிற வகை. குழாய்கள் கண்ணுக்குப் பொருந்தாவிட்டால் ஒரு வட்டம் இரண்டாகத் தெரியும். புதிதாக வந்தவர்கள் "சார், ரெண்டா தெரியுதுங்க" என்றால் எழுந்து போய் நெருக்கி வைப்பேன். அதற்காக ஒருவரையும் கேலி செய்ததில்லை. அக்காவை மட்டும் செய்தேன்.

துறையூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள் அவள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் பிடித்துப் போவேன். இருவருமாகக் கோயிலுக்குப் போவோம். ஒருநாள் நெடுநேரம் வரிசையில் நின்று சேவித்துவிட்டு வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ரெங்கநாதர் ரெண்டா தெரிஞ்சாருடா" என்றாள்.

"மூலவர் ஒருத்தர், உற்சவர் ஒருத்தர். சரியாத்தானேக்கா தெரிஞ்சிருக்கு?" என்றேன்.

அவளும் சிரித்துவிட்டாள். சிரித்தபோது இடது இமை பாதி இறங்கியிருந்ததைப் பார்த்தேன். நின்ற களைப்பு என்று நானே முடிவு கட்டினேன். அதன் பிறகு கண்ணைப் பற்றி அவள் என்னிடம் வாயே திறக்கவில்லை. சில மாதங்கள் கழித்து, தண்ணீர் குடிக்கும்போது புரையேறி மூச்சு முட்டிப்போய்த்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சின்னச் சுரப்பி உண்டு. நோயை எதிர்க்கும் டி செல்கள் அங்கேதான் தேறி வெளியே வரும். சொந்த உடம்பையே தாக்கக்கூடியவற்றை, அரிசியில் கல் பொறுக்குவதுபோல, அது பொறுக்கி ஒழித்துவிடும். தப்பிப் போகிறவற்றை அடக்கி வைக்கவென்று சில செல்களைப் பழக்கியும் அனுப்பும். அக்காவின் தைமஸில் கட்டி வளர்ந்து இந்த வேலை கெட்டிருந்தது. தப்பி வந்த செல்களின் தூண்டுதலால், நரம்பு தசையைத் தொடும் இடத்தையே அவள் உடம்பு தாக்கியது. பெரும்பாலும் முதலில் சோர்வது கண் தசைதான். ஒன்று இரண்டாகத் தெரியும். காலையில் தெளிந்திருக்கும், பொழுது சாய்ந்தால் கூடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். எத்தனையோ பேருடைய தைமஸை நானே மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றியிருக்கிறேன்.

ஆபரேஷனில் எடுத்த அக்காவுடையதும் என் மேசைக்குத்தான் வந்தது. சீவினேன், சாயம் ஏற்றினேன். கை நடுங்கவில்லை. அதற்காக இன்றும் என் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

கட்டியை எடுத்தும் மூச்சுத் தசைகள் தேறவில்லை. கடைசியாகப் பார்க்கப் போனபோது அவள் வாயில் குழாய் இருந்தது. இமையை விரலால் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக இரண்டு விரலைக் காட்டினாள். நானும் ரெண்டாகத் தெரிகிறேனாம். அவளால் சிரிக்க முடிந்திருந்தால் சிரித்திருப்பாள். மறுநாள் போய்விட்டாள்.

இப்போது தூசி துடைக்க மைக்ராஸ்கோப்பை எடுக்கும்போது குனிந்து பார்ப்பேன். இரண்டு வட்டங்கள் தெரியும். விரலால் லேசாக நெருக்கினால் ஒன்றாகிவிடும். நெருக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.