பொள்ளாச்சியிலிருந்து உக்கடம் வரை

கோவை ஆய்வகத்தில் நான் வேலை பார்த்த தொண்ணூறுகளில், அல்சைமர் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்கப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு கொப்பரை வியாபாரி வருவார். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத வேட்டி. உட்கார்ந்ததும் கண்ணை மூடி, உக்கடம் பஸ் நிலையம் வரை வந்த வழியில் உள்ள ஊர்களை வரிசையாக முணுமுணுப்பார். அவருடைய அம்மாவும் தாய்மாமனும் ஐம்பது வயதுக்குள்ளேயே பெற்ற பிள்ளைகளை மறந்தவர்கள். தனக்கும் அது தொடங்கிவிட்டதா என்று அவர் தன்னையே சோதித்துக்கொள்ளும் விதம் அது.

ஒரு நாள் முடிவு வந்தது. "அம்மாவோட மரபணுக் கோளாறு உங்களுக்கு இல்லீங்க" என்றேன்.

அவர் முகம் மலரவில்லை. "கட்டிக்கிட்டு, பின்னால அவளையே ஆருன்னு கேட்டுப்போடுவனோன்னு பயந்துதானுங்க அயித்த புள்ளைய வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்" என்றார்.

வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்து கண்ணை மூடினார். "கிணத்துக்கடவு, ஒத்தக்கால்மண்டபம், மலுமிச்சம்பட்டி..."