ஒடேலியா அத்தையின் வீடு எந்தத் தொகுதியில்?

ஒடேலியா பாரியென்டோஸ் பயந்து நான் பார்த்ததில்லை. எங்கள் மேற்கு டெக்சாஸ் புழுதியில் எதிரே வரும் வண்டி தெரியாத நாளிலும் பாட்டுப் பாடிக்கொண்டே பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டியவர். ரத்த உறவு கிடையாது; அந்த பஸ்ஸில் ஏறி இறங்கிய எல்லாருக்கும் அவர் அத்தை. இந்த ஏப்ரலில் அவர் ஒரு வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியபோது, வாயில் பாட்டு இல்லை.

"எலாடியோ, நீ இதைத்தானடா காலேஜ்ல படிச்ச? எங்க வீடு எந்தப் பக்கம் விழுதுன்னு பார்த்துச் சொல்லு."

ஆமாம், அதைத்தான் படித்தேன். பஞ்சாலைக் கூலிக்காரர் மகன்; எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பக்கத்து மாவட்டத்தின் சாலை அலுவலகத்தில் வரைபடம் போடுவதுதான் என் வேலை.

அத்தையின் பயத்துக்குக் காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் அவர் வீட்டு போர்வெல் தண்ணீருக்குப் பதில் காற்றைக் கக்க ஆரம்பித்தது. ஏன் என்று கேட்க நிலத்தடி நீர் வாரியத்துக்குப் போனார். அங்கே யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாரியத்துக்கு எந்தத் தொகுதியில் குடியிருக்கிறோமோ அங்கேதான் நிற்க முடியும்; அடுத்த வாரியத் தேர்தலில் தன் மூன்றாம் தொகுதியில் நின்று, ஜெயித்து, அதே மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். இப்போது அவர் இருக்கும் சந்துக்குப் பின்னால் வரிசையாக பெரிய போர்கள் போட்டு, தண்ணீரை நகரத்துக்கு விற்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. முடிவு அடுத்த வருடம். வாரியத்தில் மற்றவர்கள் பாதிக்குப் பாதி பிரிந்து நிற்க, அத்தையின் ஒரு ஓட்டுதான் குறுக்கே நின்றது. நவம்பரில் அவர் பதவிக்காலம் முடிகிறது. மறுபடி ஜெயிக்காவிட்டால் சந்தில் ஒரு வீட்டிலும் குழாய் சொட்டாது.

இந்த நேரம் பார்த்துத்தான் தொகுதி எல்லையை மாற்றினார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊர்ப்பக்கம் தலைகள் கூடிவிட்டன. தொகுதிக்குத் தொகுதி ஆள் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். புதுக்கோடு தார்ச்சாலை மேலேயே போனது. வடக்கே மூன்று, தெற்கே நான்கு. நான்கு என்றால் ஹார்லன் கெஸ்லர்; வாரியத்தில் அந்தத் தொகுதியின் உறுப்பினர், அவருக்கும் நவம்பரில்தான் தேர்தல். கண்ணுக்கு எட்டின தூரம் பருத்தி போட்டவர். அங்கே அவரை எதிர்த்து நின்றவர்கள் யாரும் தேறியதில்லை.

அத்தையின் சந்து தார்ச்சாலைக்குத் தெற்கே.

கணினியில் படத்தைத் திறந்து பார்த்தேன். நம்ப முடியவில்லை. "அத்தை, நீங்க மூணுலதான் இருக்கீங்க. சந்து மொத்தமும் மூணுலதான்."

"நிஜமாவா?" என்று நாற்காலியில் சரிந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம்தான் படத்தைப் பெரிதாக்கினேன். வீட்டுக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி இருக்க வேண்டிய புள்ளிகள், சாலைக்கு வடக்கே ஒரே இடத்தில் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. 

எங்கள் பக்கம் தபால் வண்டி சந்துக்குள் நுழையாது. அதனால் சந்துக்காரர்கள் எல்லாரும் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரே கம்பத்தில் வரிசையாகத் தபால் பெட்டி வைத்திருக்கிறார்கள். தலைநகர் ஆஸ்டினில் உட்கார்ந்து படம் போட்டவர்கள் பெட்டி இருக்கும் இடத்தையே வீடு என்று எண்ணிவிட்டார்கள்.

அத்தை புள்ளிகளையே பார்த்தார். "அப்ப நாங்க பெட்டிக்குள்ளயா குடியிருக்கோம்?"

"யாரும் கவனிக்கலை, அத்தை. நாம சொன்னாத்தான் தெரியும்."

 அவர் எதை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். போருக்குப் போர் இவ்வளவு தூரம் விட வேண்டும் என்பது வாரிய விதி. முன்பு கெஸ்லரின் மைத்துனர் புது போருக்கு மனு போட்டபோது, பக்கத்து போருக்கும் அதற்கும் உள்ள தூரத்தை வயல் கேட்டிலிருந்து அளந்து காட்டினார். அத்தை விடவில்லை. "கிணறு எங்கயும் ஓடிப் போயிடாது, ஒடேலியா" என்று கெஸ்லர் கிண்டலடித்தார். "ஓடாதுல்ல? அப்ப அது இருக்கிற இடத்துலேர்ந்து அளங்க" என்றார் அத்தை. மறுபடி அளந்தார்கள். தூரம் போதாமல் மனு தள்ளுபடியானது.

கருத்துக் கேட்புக் கூட்டம் தீயணைப்புக் கொட்டகையில் நடந்தது. அத்தை வாரிய மேசையில் உட்கார்ந்திருந்தார். நான் கடைசி வரிசையில். சொல்வாரா மாட்டாரா என்று என்னிடம் சொல்லவே இல்லை. படம் போட்ட ஆஸ்டின் அலுவலகத்துப் பெண் திரையில் கோட்டைக் காட்டி விளக்கினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றி, "அப்ப ஓட்டுக்கு விட்டுடலாமா?" என்றார். ஒரு நிமிடம் பொறுத்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். 

அத்தை மைக்கை இழுத்தார். "எங்க சந்து தப்பா விழுந்திருக்கு. நீங்க எண்ணினது தபால் பெட்டியை. வீடு தெற்கே இருக்கு."

கொட்டகையில் சிரிப்பு. படம் காட்டிய பெண் முகம் சிவந்து கணினியைத் தட்டித் தட்டித் தேடினாள். கெஸ்லர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து அவர் மெதுவாகச் சொன்னதை மைக் ஊருக்கே சொல்லிவிட்டது: "பைத்தியமா உனக்கு? நீ இப்ப என் தொகுதிக்குல்ல வந்துட்ட."

"தெரியும் ஹார்லன். உன் மைத்துனனை அளக்க வெச்சிட்டு, என்னை மட்டும் அளக்காதேங்கவா?"

புள்ளிகள் தெற்கே நகர்ந்தன. கூட்டல் கழித்தல் போட்டுப் பார்த்தார்கள். சில வீடுகள் மாறினதில் சமம் ஒன்றும் கெடவில்லை. கோடு சாலை மேலேயே நின்றது. அந்தத் திருத்தத்துக்கு அத்தையும் கை தூக்கினார்.

வெளியே வந்ததும் அவருடைய பிக்கப் வண்டியின் கதவைத் திறந்தார். "நான் வாயை மூடிட்டு இருந்து, நாளைக்கு எவனாவது கண்டுபிடிச்சா, நான் போட்ட ஓட்டே செல்லாதும்பான். தண்ணிக் கம்பெனிக்காரனுக்கு அது போதும்" என்றார். எனக்கா தனக்கா சொன்னார், தெரியவில்லை.

கோடையில் நான்காம் தொகுதிக்கு வேட்புமனு கொடுத்தார். இப்போது வார இறுதியில் வீடு வீடாகப் போகிறார். நான்தான் வண்டி ஓட்டுகிறேன். பருத்திக்காரர்களில் சிலர் கதவைத் திறப்பதே இல்லை. திறக்கிறவர்கள் முதலில் அவர் முகத்தைப் பார்த்து, "எங்க பிள்ளையோட பஸ்காரம்மாவா?" என்கிறார்கள். போன சனிக்கிழமை ஒருவர் வாசலிலேயே நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "எங்க போரும் காத்தைக் கக்குதும்மா. வெளிய சொல்லிடாதீங்க" என்றார்.

வண்டியில் ஏறியதும் அத்தை சீட் பெல்ட்டை மாட்டினார். 

"அடுத்த வீட்டுல கறுப்பு நாய்டா, பஸ் ஓட்டுறப்பவே தெரியும். ஹாரன் அடிக்காத" என்றார்.